பேசாப்பட நடிகைகளின் பழைய உருவப்படங்களைச் சேகரிப்பது: திருகோணமலையில் இருந்துகொண்டு செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்கப் பேசாப்பட நடிகை தீடா பாரா ஏறத்தாழ 40 படங்களில் நடித்தவர். 1937 ஜூலையில் நியூ ஜெர்சியில் ஃபொக்ஸ் படநிறுவனத்தின் படச்சுருள் களஞ்சியம் தீப்பற்றி எரிந்தது. அவருடைய படங்களில் இன்று முழுதாகப் பார்க்கக் கிடைப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. 1917இல் வெளிவந்து பெரும் பரபரப்பை உண்டாக்கிய ‘கிளியோபாட்ரா’ சில துணுக்குகளாகத்தான் மிஞ்சியிருக்கிறது. ஆனால் அந்தப் படத்துக்காக எடுக்கப்பட்ட நிழற்படங்கள் பிழைத்துவிட்டன. அவர் எப்படி நின்றார், எப்படிப் பார்த்தார், என்ன அணிந்திருந்தார் என்பதெல்லாம் நமக்குத் தெரிவது அவற்றால்தான்.

இது அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்காவில் தயாரான சுமார் 11,000 முழுநீளப் பேசாப்படங்களில் 14 வீதமே முதலில் வெளியான வடிவில் எஞ்சியிருப்பதாக அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. இந்தியாவின் நிலைமை இன்னும் மோசம். பம்பாயில் தொலைபேசி ஒபரேட்டராக இருந்து நடிகையாகி, சுலோச்சனா என்ற பெயரில் 1920களில் கொடிகட்டிப் பறந்த ரூபி மையர்ஸின் பேசாப்படங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. இலங்கையில் 1925இல் எடுக்கப்பட்ட ‘ராஜகீய விக்ரமய’வும் போய்விட்டது. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருளில் படம் எடுத்த காலம் அது. காகிதத்தில் அச்சிட்ட நிழற்படங்களுக்குத்தான் ஆயுள் கெட்டியாக இருந்தது.

அதனால் இந்தச் சேகரிப்பை நான் அழகுப் பொருள் சேர்ப்பதாகப் பார்ப்பதில்லை. பல நடிகைகளின் உழைப்புக்கு இந்தக் காகிதம்தான் கடைசிச் சாட்சி. கடலுப்பும் மாரி ஈரமும் உள்ள ஊரில் இருந்துகொண்டு அந்தச் சாட்சியைக் கையில் எடுப்பவருக்கு வாங்கும் வேலையைவிடப் பாதுகாக்கும் வேலை பெரியது. இரண்டையும் இங்கே சொல்கிறேன்.

முதலில் எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள்

‘பேசாப்பட நடிகைகள்’ என்று பொதுவாகத் தொடங்கினால் ஆறு மாதத்தில் தொடர்பில்லாத ஒரு குவியல்தான் மிஞ்சும். ஒரு நடிகை, ஒரு படப்பிடிப்பாளர், ஒரு வெளியீட்டாளர், ஒரு நாடு என்று ஏதாவது ஒன்றைப் பிடியுங்கள்.

லிலியன் கிஷ், மேரி பிக்ஃபோர்ட், குளோரியா சுவான்சன் ஆகியோரின் படங்கள் அந்தக் காலத்திலேயே பெருமளவில் அச்சானவை. ஆகவே இன்றும் தாராளமாகக் கிடைக்கும். புதியவர் கண்ணைப் பழக்க ஏற்றவை. அன்னா மே வொங், பொலா நெக்ரி இருவரும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடித்ததால் இரண்டு பக்கத்து அச்சுகளிலும் கிடைக்கிறார்கள். லூயிஸ் புரூக்ஸையும் தீடா பாராவையும் ஆரம்பத்திலேயே தேடிப் போகாதீர்கள். விலையும் அதிகம், போலியும் அதிகம்.

படப்பிடிப்பாளர் வழியாகச் சேர்ப்பது எனக்கு மிகவும் பிடித்த முறை. 1925 முதல் 1930 வரை ஹொலிவுட்டின் எம்ஜிஎம் படநிறுவனத்தில் உருவப்படம் எடுத்த ரூத் ஹாரியட் லூயிஸ், அந்தத் தொழிலில் ஆண்களே நிறைந்திருந்த காலத்தில் வேலை செய்த பெண். கிரேட்டா கார்போவை அவர் எடுத்த படங்களையும் பின்னர் கிளாரன்ஸ் சின்க்ளேர் புல் எடுத்தவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே முகத்தை இருவர் எப்படி வேறு வேறாகக் கண்டார்கள் என்பது விளங்கும். பாரமவுண்டில் யூஜீன் ரொபர்ட் ரிச்சி, ஃபொக்ஸில் மேக்ஸ் மன் ஓட்ரி, லொஸ் ஏஞ்சலிஸில் தனி ஸ்டூடியோ வைத்திருந்த விட்செல், நியூயோர்க்கில் அல்பிரட் செனி ஜோன்ஸ்டன் என்று தேடுவதற்குப் பெயர்கள் நிறைய உண்டு.

நம் பக்கத்து நடிகைகளைச் சேர்க்க விரும்புவோர் பொறுமையைத் துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். கல்கத்தாவின் மதன் படநிறுவனம் இந்தியா, பர்மா, இலங்கை மூன்றிலும் தியேட்டர்கள் நடத்தியது. அதன் நட்சத்திரம் பேஷன்ஸ் கூப்பர். ரெனி ஸ்மித் என்ற இயற்பெயருடைய சீதா தேவி ‘லைட் ஒஃப் ஏசியா’, ‘ஷிராஸ்’, ‘எ த்ரோ ஒஃப் டைஸ்’ ஆகிய இந்திய–ஜெர்மன் கூட்டுப் படங்களில் நடித்தார். மூன்றும் இன்று பார்க்கக் கிடைப்பது பெரும் பேறு. இவர்களின் தனி அச்சுப்படங்கள் அபூர்வம். பத்திரிகைப் பக்கங்களில் வந்தவையே கைக்கு எட்டக்கூடியவை. அவற்றைச் சேர்ப்பதில் குறைவு ஒன்றுமில்லை. டி. பி. ராஜலக்ஷ்மி 1931 ஒக்டோபரில் வெளியான ‘காளிதாஸ்’ மூலம் பேசும்பட நாயகி ஆனவர். அவர் பெயரில் ‘பேசாப்பட காலத்துப் படம்’ என்று விற்பனைக்கு வந்தால் ஆண்டை இருமுறை விசாரியுங்கள்.

என்னென்ன வடிவங்களில் கிடைக்கும்

ஸ்டூடியோக்கள் பத்திரிகைகளுக்கு அனுப்பிய 8க்கு 10 அங்குல அச்சுகள்தான் சேகரிப்பாளர்கள் முதலில் தேடுபவை. ஒளி, நிழல், தோலின் நுணுக்கம் எல்லாம் அதில்தான் முழுதாகத் தெரியும். தியேட்டர் வாசலில் காட்சிக்கு வைத்த 11க்கு 14 அங்குலப் படங்களும் உண்டு. ரசிகர்களுக்குத் தபாலில் அனுப்பிய 5க்கு 7 அங்குலப் படங்கள் விலை குறைந்தவை.

தொடங்குவோருக்கு நான் சொல்வது தபாலட்டைகளைத்தான். பெர்லினின் ரோஸ் வெர்லாக், பிரான்ஸின் சினேமகசின், வியன்னாவின் ஐரிஸ், லண்டனின் பீகிள்ஸ் போன்றோர் வெளியிட்டவற்றில் பெரும்பாலானவை உண்மையான நிழற்பட அச்சுகள். ரோஸ் அட்டைகளில் ஓர் எண்ணும் சரிவுக்கோடும் இன்னோர் எண்ணும் இருக்கும். ஒரே முதல் எண்ணுக்குக் கீழ் அதே நடிகையின் வேறு வேறு தோற்றங்கள் வருவது வழக்கம். ஒன்று கிடைத்தால் மற்றதைத் தேடத் தூண்டும் அமைப்பு அது. சிகரெட் பெட்டிக்குள் வந்த சிறு அட்டைகள் இன்னும் மலிவு. அவை பெரும்பாலும் அச்சகத்தில் அச்சானவை என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள்.

உண்மையான பழைய அச்சுத்தானா என்று பார்ப்பது

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பத்து மடங்கு பெருக்கும் ஒரு லென்ஸ், ஒரு புறஊதா டோர்ச், நல்ல பகல் வெளிச்சம் போதும்.

லென்ஸை நடிகையின் கன்னத்தில் வையுங்கள். வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது பத்திரிகை அச்சு. சிறு நிற மைத்துளிகள் சிதறியிருந்தால் இன்றைய பிரிண்டரில் எடுத்தது. சாம்பல் நிறம் எங்கும் உடையாமல் வழுவழுவென்று ஓடினால் நிழற்படத் தாள்.

அடுத்து கண்ணிமைக்கு நகருங்கள். அந்தக் காலத்து ஸ்டூடியோக்கள் பெரிய நெகட்டிவில் படம் எடுத்து, பெரும்பாலும் அதே அளவில் நேரடியாக அச்சிட்டார்கள். ஆகவே மூல நெகட்டிவில் இருந்து வந்த அச்சில் இமை மயிர்கள் தனித்தனியாக நிற்கும். உடையின் லேஸில் நூல் தெரியும். கன்னத்திலும் கண்ணுக்குக் கீழும் மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியலாம். நெகட்டிவின் மேல் பென்சிலால் சுருக்கத்தை மறைத்த ரீடச் வேலை அது. பார்த்தால் மனம் சிலிர்க்கும். பெயர் தெரியாத ஒருவர் அந்த முகத்தின் மேல் மணிக்கணக்கில் குனிந்திருந்திருக்கிறார்.

ஒரு படத்தைப் பார்த்து மறுபடி படம் எடுத்து அச்சிட்ட நகலில் இந்த நுணுக்கங்கள் கரைந்துவிடும். வெள்ளை லேஸ் வெறும் வெள்ளைத் திட்டாகும். கருங்கூந்தல் வெறும் கறுப்பாகும். நகலைப் பிடிக்க நிச்சயமான வழி ஒன்று உண்டு. படத்தில் மடிப்போ கீறலோ தெரிந்தால் தாளைச் சாய்த்து, வெளிச்சம் மேற்பரப்பில் படும்படி பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் மடிப்பு, சாய்ந்த வெளிச்சத்தில் மேடாகவோ பள்ளமாகவோ காட்டாமல் தாள் சமமாக இருந்தால், மடிந்தது இந்தத் தாள் அல்ல. மடிந்த ஒரு பழைய படத்தை நகலெடுத்திருக்கிறார்கள்.

சாய்த்துப் பார்க்கும்போது கரிய பகுதிகளிலும் ஓரங்களிலும் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்புத் தெரிந்தால் நல்ல அறிகுறி. தாளிலுள்ள வெள்ளி காலப்போக்கில் மேலே வந்து படிவதால் ஏற்படுவது அது. அதைத் துடைத்து எடுக்க முயலாதீர்கள்.

புறஊதா டோர்ச்சை இருட்டறையில் பின்பக்கத்திலும் வெள்ளை ஓரத்திலும் அடியுங்கள். நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் தாளில் வெண்மையூட்டி கலந்திருக்கிறது. அது நிழற்படத் தாள்களில் 1950களில்தான் பரவியது. அப்படி ஒளிரும் தாளை 1925 என்று யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம். ஒளிராதது எல்லாம் பழையது என்றும் முடிவு கட்ட முடியாது. வெண்மையூட்டி இல்லாத பிந்திய தாள்களும் உண்டு. தொட்டால் பிளாஸ்டிக் போல் வழுக்கும் தாள் 1960களின் கடைசிக்குப் பிறகு வந்தது.

இனிப் பின்பக்கம். விற்பவர் முன்பக்கத்தை மட்டும் காட்டினால் பின்பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். படப்பிடிப்பாளரின் முத்திரை, பத்திரிகையின் பதிவுத் திகதி, ஒட்டிய விளக்கத் துண்டு, பென்சில் குறிப்பு ஒவ்வொன்றும் படத்தின் வரலாறு. நிறுவனத்தின் பெயரே ஆண்டைக் காட்டிக்கொடுக்கும். எம்ஜிஎம் 1924இல் உருவானது. 1920ஆம் ஆண்டுப் படமென்று சொல்லும் அச்சில் அந்தப் பெயர் இருக்க வழியில்லை. ஃபொக்ஸ் நிறுவனம் ‘ட்வென்டியத் சென்சுரி ஃபொக்ஸ்’ ஆனது 1935இல். தீடா பாராவின் படத்தின் பின்னால் அந்த முத்திரை இருந்தால், படம் பழையதாக இருக்கலாம், அச்சு பிந்தியது. அமெரிக்கத் தபாலட்டைகளில் முத்திரை ஒட்டும் சதுரத்தைப் பாருங்கள். அதில் அஸோ (AZO) என்ற தாள்வகையின் பெயர் இருந்து, மூலைகளிலுள்ள நான்கு முக்கோணங்களும் மேல்நோக்கி இருந்தால் ஏறத்தாழ 1904 முதல் 1918 வரை. இரண்டு மேலும் இரண்டு கீழுமாக இருந்தால் 1918 முதல் 1930 வரை.

கையெழுத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். படத்தின் கீழே வெள்ளை எழுத்தில் இருப்பது நெகட்டிவில் எழுதி அச்சானது. ஆயிரக்கணக்கான படங்களில் அதே எழுத்து இருக்கும். மையில் எழுதியது போல் இருப்பதைச் சாய்த்துப் பாருங்கள். உண்மையான மை, தாளின் மேலுள்ள ஜெலட்டின் பூச்சின் மேல் தனியாகப் படிந்து, அதன் மினுக்கம் வேறாகத் தெரியும். அப்படித் தெரிந்தாலும் எழுதியது நடிகையா, கடிதங்களுக்குப் பதில் போட்ட செயலாளரா என்ற கேள்வி இருக்கிறது. பெரிய நட்சத்திரங்களுக்குச் செயலாளர்களும் வீட்டாரும் கையெழுத்திட்டது சாதாரணம். கையெழுத்துக்காக மேலதிகப் பணம் கொடுக்காமல் படத்துக்காகவே வாங்குங்கள் என்பதே என் ஆலோசனை.

எங்கே தேடுவது

திருகோணமலையில் ஹொலிவுட் ஸ்டூடியோவின் மூல அச்சு கிடைக்கும் என்று யாருக்கும் ஆசை காட்டமாட்டேன். ஆனால் இது 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்த ஊர். கப்பல்களோடு பத்திரிகைகளும் தபாலட்டைகளும் சிகரெட் அட்டைகளும் வந்துபோயின. டொக்யார்ட்டில் வேலை செய்தவர்களின் வீடுகளில், பழைய ரங்குப்பெட்டிக்குள், குடும்ப அல்பத்தின் கடைசிப் பக்கத்தில் இப்படி ஏதாவது செருகியிருக்க வாய்ப்பு உண்டு. போரும் இடப்பெயர்வும் 2004 ஆழிப்பேரலையும் எத்தனையோ அல்பங்களைக் கொண்டுபோய்விட்டன. எஞ்சியவற்றை அந்த நினைவோடுதான் அணுக வேண்டும்.

“அம்மம்மா, உங்கட பழைய அல்பத்தை ஒருக்காப் பார்க்கலாமோ?” என்று கேட்டுத் தொடங்குங்கள். விலை பேசித் தொடங்காதீர்கள். குடும்பப் படங்களை ஸ்கேன் செய்து ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள். நடிகையின் படம் ஏதும் இருந்து, அவர்கள் தர விரும்பினால், அதன் சந்தை மதிப்பை நீங்களே சொல்லி வாங்குங்கள். தர விரும்பாவிட்டால் ஸ்கேன் போதும். ஒட்டியிருக்கும் அட்டையை அல்பத்திலிருந்து பிய்த்தெடுக்க எவரையும் விடாதீர்கள். பின்பக்கத்து வரலாறு பசையோடு போய்விடும்.

கொழும்பின் பழைய புத்தகக் கடைகளில் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளுக்குள் படப்பக்கங்கள் அகப்படலாம். மற்றதெல்லாம் இணையம்தான்: ஈபே, தபாலட்டைகளுக்கு டெல்கம்ப், பெரிய ஏல நிறுவனங்கள். தேடும்போது நடிகையின் பெயரோடு படப்பிடிப்பாளர் பெயரையும் போடுங்கள். பெயரைத் தவறாக எழுதியும் தேடுங்கள், விற்பவர் பிழைவிட்ட இடத்தில்தான் மலிவு. ‘ஒரிஜினல்’ என்ற சொல்லை மட்டும் நம்பாமல், தாள் அச்சான ஆண்டு எது என்று நேரே கேளுங்கள்.

தபாலில் எடுப்பதானால் இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவில், பொலித்தீன் உறைக்குள் வைத்து, பதிவுத்தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். இங்கே சுங்கவரி கேட்கப்படலாம். விலைச்சீட்டு உள்ளே இருக்க வேண்டும். மழைக் காலத்தில் அனுப்ப வேண்டாம் என்று கேட்டால் நல்ல விற்பனையாளர்கள் தை வரை பொறுப்பார்கள்.

இந்த ஊரின் காற்றில் வைத்துக் காப்பது

நிழற்படத் தாளின் மேலுள்ள ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சி வீங்கும், காய்ந்து சுருங்கும். காற்றின் ஈரப்பதன் 65 வீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். 30 முதல் 50 வீதம் வரை நல்லது. ஒக்டோபரில் தொடங்கும் மாரிக் காலத்தில் இங்கே திறந்த வீட்டில் அந்த அளவைக் கனவிலும் காண முடியாது. அதனால் வீட்டைக் காய வைக்க முயலாமல் ஒரு பெட்டியைக் காய வைப்போம்.

ரப்பர் விளிம்பு உள்ள, காற்றுப் புகாத, உணவு வைக்கும் பொலிபுரொப்பிலீன் பெட்டி ஒன்று வாங்குங்கள். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருக்கும். உள்ளே ஒரு சிறிய ஈரப்பதமானி, துணிப்பையில் சிலிக்கா ஜெல். நீலநிறச் சிலிக்காவில் கோபால்ட் உண்டு, அது உடலுக்குக் கெடுதி. செம்மஞ்சள் நிறத்தை வாங்குங்கள். நிறம் மாறியதும் அவணில் 120 பாகை செல்சியஸில் சில மணி நேரம் சூடாக்கினால் மறுபடி வேலை செய்யும். மானி 30க்குக் கீழே இறங்கினால் ஜெல்லைக் குறையுங்கள். அளவுக்கு மிஞ்சிக் காய்ந்தால் தாள் சுருண்டு ஜெலட்டின் வெடிக்கும்.

பெட்டியை மூடும் காலம் முக்கியம். மார்கழியில் மூடினால் மார்கழி ஈரத்தையும் சேர்த்துத்தான் மூடுகிறீர்கள். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில், காற்று உலர்ந்திருக்கும் மதிய நேரத்தில் செய்யுங்கள். அந்தக் காற்றோடு புழுதியும் வரும், யன்னலைச் சாத்திவிட்டு வேலை செய்யுங்கள். படங்களை ஒரு நாள் அறைக்குள் விரித்து வைத்து, பிறகு உறையில் இடுங்கள். வெயிலில் காய வைக்கவே கூடாது.

உறை பொலியெஸ்டர், பொலிபுரொப்பிலீன், அல்லது அமிலமற்ற காகிதமாக இருக்கட்டும். சாதாரண அல்பங்களில் வரும் பிவிசி உறை நாளடைவில் பிசுபிசுத்து ஜெலட்டினோடு ஒட்டும். ஒட்டும் பக்கமுள்ள அல்பம் அதைவிட மோசம். லமினேட் செய்து தருகிறோம் என்று போட்டோகொப்பிக் கடைகளில் அன்போடு சொல்வார்கள். லமினேட் செய்த மூலப்படத்தை மீட்க வழியே இல்லை.

பெட்டி இருக்கும் இடம்: வீட்டின் உட்சுவரோடு நிற்கும் அலுமாரியின் நடுத்தட்டு. கடல் பார்த்த வெளிச்சுவர் வேண்டாம், கறையானும் வெள்ளமும் எட்டும் அடித்தட்டு வேண்டாம், ஓட்டுக்குக் கீழே வெக்கையில் மேல்தட்டும் வேண்டாம். பூச்சி உருண்டை போடாதீர்கள்; அதன் ஆவி உறைகளைக் கெடுக்கும். வெள்ளிப்பூச்சிக்கும் கரப்பானுக்கும் அலுமாரிக்கு வெளியே ஒட்டுப்பொறி போதும். இரவில் மட்டும் ஏசி போடும் அறையும் நல்லதல்ல. குளிரும் வெக்கையும் மாறி மாறி வருவது படத்துக்குச் சித்திரவதை.

அழுக்கு இருந்தால் மென்மையான தூரிகை, அல்லது கமரா லென்ஸுக்கு ஊதும் ரப்பர் குமிழ். தண்ணீர், ஸ்பிரிட், ஈரத்துணி எதுவும் வேண்டாம். பூஞ்சணம் கண்டால் அந்தப் படத்தை உடனே மற்றவற்றிடமிருந்து பிரித்து, உலர்ந்த பெட்டியில் தனியே வைத்து, பூஞ்சணம் நன்றாகக் காய்ந்த பிறகு முகக்கவசம் போட்டு வெளியே கொண்டுபோய்த் தூரிகையால் தட்டுங்கள். கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காமல் கண்ணாடியோடே ஸ்கேன் எடுங்கள்.

ஸ்கேன், பதிவு, சுவர்

8க்கு 10 படத்துக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற ஸ்கேன் அளவு), தபாலட்டைக்கு 1200. டிஃப் கோப்பாக, நிறத்தில், இரண்டு பக்கமும். கறுப்புவெள்ளைப் படத்தையும் நிறத்தில் எடுக்க வேண்டும். செபியாவின் சாயலும் தாளின் மஞ்சளும் பதிவாகட்டும். சுவரில் மாட்டுவதானால் ஸ்கேனில் இருந்து ஊரிலுள்ள ஒரு ஸ்டூடியோவில் அச்செடுத்து மாட்டுங்கள். மூலம் பெட்டியிலேயே இருக்கட்டும்.

ஒவ்வொரு படத்துக்கும் நடிகை, படப்பிடிப்பாளர், நிறுவனம், ஆண்டு, அளவு, தாள், பின்பக்கத்தில் உள்ளவை, யாரிடம் வாங்கியது, விலை என்று ஒரு வரி எழுதுங்கள். நடிகையின் பெயரைத் தமிழில் ஒரே மாதிரி எழுதிப் பழகுங்கள், ஆங்கில எழுத்திலும் சேர்த்து வையுங்கள். படத்தின் பின்னால் நீங்கள் எதையும் எழுத வேண்டாம். இலக்கத்தை உறையில், படம் உள்ளே போகுமுன் எழுதிவிடுங்கள்.

அமெரிக்காவில் 1929 வரை வெளியிடப்பட்ட படங்களின் பதிப்புரிமை அந்நாட்டில் முடிந்துவிட்டது. ஆகவே அவற்றின் ஸ்கேனை விக்கிமீடியா கொமன்ஸில் பின்பக்கத்தோடு ஏற்றலாம். உள்ளூர் அல்பங்களில் கிடைக்கும் இலங்கைத் தமிழர் சார்ந்த படங்களும் பத்திரிகைகளும் என்றால், உரியவர்களின் அனுமதியோடு நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்துக்குத் தெரிவியுங்கள்.

இரட்டைப் பிரதிகளை விற்கவோ மாற்றவோ நேர்ந்தால் அச்சான காலம் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை எழுத்தில் கொடுங்கள். நகல் என்றால் நகல் என்றே எழுதுங்கள். படத்தோடு அது இதுவரை யார் யார் கையில் இருந்தது என்ற உங்கள் பதிவு வரியையும் வாங்குபவருக்கு அனுப்பிவிடுங்கள்.